நூற்றொன்று

ஓணத்துக்கு மூன்று நாள் இருந்தது.
புளியரை எடைமேடையிலிருந்து
சுப்புக்குட்டி முதலாளி போன் செய்தார்.
"வைபை காட்டுது, உள்ளே விடமாட்டேங்குது."
சரியாகத்தான் சொன்னார்.

செங்கோட்டையிலிருந்து சாரலில் நனைந்தபடி
ஸ்கூட்டரில் வந்து பட்டியலைத் திறந்தேன்.
நூறிலிருந்து இருநூறு வரை
ஓர் எண் விடாமல் ஆள் இருந்தது.
வெளியே நின்றவை
முப்பது லாரிகூட இல்லை.

"பூராத்தையும் எவன் எடுத்தான்?"

போனவர்கள் எடுத்தார்கள்.
ரெட்மி, ரியல்மி, சஜீவ்-போன்,
பெயரில்லாத ஒன்று, மறுபடி ரெட்மி.
நேற்று வாழைத்தார் ஏற்றி வந்தவன்
எடைச்சீட்டு வாங்கி
ஆரியங்காவு தாண்டி
புனலூரில் இறக்கிவிட்டுத் தூங்கியும் எழுந்திருப்பான்.
இங்கே அவன் எண்
பஸ் சீட்டில் போட்ட துண்டு மாதிரி
இருபத்துநாலு மணி நேரம் கிடக்கிறது.
ரவுட்டரிடம் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

பழையதை அழித்தேன்.
குத்தகையைப் பத்து நிமிடமாக்கினேன்.
எங்கள் பக்கம் வயலையே
ஒரு பூவுக்காவது விடுவார்கள்.
இது பத்து நிமிடம்.
பாதி தீர்ந்ததும் போன் தானாகக் கேட்கும்:
இருக்கேன், இன்னும் இருக்கேன்.
கேட்காவிட்டால்
துண்டை உதறி அடுத்தவனுக்கு.

அரைமணியில் பட்டியல் இருபத்தாறாக இளைத்தது.
முதலாளி டீ சொன்னார்,
காசு நாளைக்கு என்றார்.
"நூறு பேருக்குத்தானே போட்டிருக்கே?"
நூறிலிருந்து இருநூறு வரை எண்ணினால்
நூற்றொன்று.
அதை அவரிடம் சொல்லவில்லை.

நூற்று நாற்பத்தேழு.
தங்கச்சன்-போன்.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதிவில் இருக்கிறது,
இப்போதும்
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
இருக்கேன், இருக்கேன்.

குடை பிடித்துக்கொண்டு தேடிப் போனேன்.
கடைசி வரிசையில் வைக்கோல் லாரி.
உயரம் கூடுதல்,
பர்மிட்டில் ஒரு பேர் சீட்டில் ஒரு பேர்,
ஓனர் வந்தால்தான் விடுவார்களாம்.
பாரம் நனைந்து புளித்த வாசம் அடித்தது.
லாரிக்கடியில் பாய் விரித்து
அறுபதை நெருங்கும் ஆள்
வீடியோ காலில் இருந்தார்.
மறுமுனையில் யாரோ
போனைத் தரையில் வைத்துவிட்டு
வேலையாகப் போயிருக்க வேண்டும்.
திரையில் ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது,
ஒரு பல்பு, கொஞ்சம் ஒட்டடை.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோளே, இது கட் ஆவுமோ?"

ஆகாது என்றேன்.
திரும்பி வந்து
இருநூறை அவர் போனின் பேரில் எழுதினேன்.
குத்தகை இல்லாமல்.
மற்றவர்களுக்கு
நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்தினேன்.
முதலாளி கணக்கும் சரியாகிவிட்டது.

திருவோணத்தன்று மாலை
வீட்டிலிருந்தபடியே
இருநூறுக்கு ஒரு பிங் தட்டினேன்.
நான்கு முறை போயிற்று,
நான்கு முறையும் பதில் இல்லை.
நல்லது என்று
லேப்டாப்பை மூடினேன்.
அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை.