எந்த ஆறு

போனில் இரைச்சல்.
முக்கூடல் பக்கம் சாரல் சாய்வாகத்தான் விழும்,
சொல்லையும் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போகும்.

"எக்கா, ஆறு நிப்பாட்டணும். எல்.சி. வேணும்."
"ஆறா?"
"ஆறுதான்."
"ஆறு நிப்பாட்டுதேன்."
"ஆறு நிப்பாட்டுனதும் சொல்லு."

சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி.
சப்-ஸ்டேஷன் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது.
திருப்பிச் சொன்னோம்,
காசை எண்ணி வாங்குகிறவர்கள் மாதிரி.
ஒரு சொல் குறையவில்லை.

காலையிலிருந்து என் தலைக்குள் தண்ணீர்ச் சத்தம்.
நீரேற்று நிலையத்தில் மோட்டார் முக்குகிறது என்று
பஞ்சாயத்து கிளார்க் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான்.
அந்த லைனுக்குப் பேனலில் நாலு என்று நம்பர்.
நாலு என்று யாரும் சொன்னதில்லை.
ஆற்றுக்குப் போகிறது, அதனால் ஆறு.

வெயிலுமுத்து நின்றது ஆறாம் நம்பர் லைனில்,
பீடிக் கம்பெனி தாண்டி,
ஆற்றின் வாசனைகூட எட்டாத செம்மண் காட்டில்.

நான் நாலைத் திறந்தேன்.
பூட்டினேன். சாவியை என் வளையத்தில் கோத்தேன்.
'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' அட்டையைத் தொங்கவிட்டேன்.
பதினொன்று இருபது என்று ரெஜிஸ்டரில் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள்.
"ஆறு நிப்பாட்டியாச்சு."
"சரிக்கா."

அவன் கை வைப்பதற்கு முன்
எர்த் ராடைத் தூக்கிக் கம்பியைத் தொட்டுப் பார்க்கிறவன்.
யார் வாக்குக் கொடுத்தாலும்
தொட்டுப் பார்க்கிறவன்.
பெண் பார்க்கப் போனாலும் கம்போடுதான் போவான் என்று
கேங்கில் கேலி பண்ணுவார்கள்.

ஹூட்டர் அலறியது.
ஆறாவது பேனலில், ரிலேக்குள்,
சிவப்புக் கொடி டப்பென்று விழுந்தது.
எட்டு வருஷமாக நான் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த எண்ணை
அன்றைக்குத்தான்
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

போன் எடுக்கவில்லை.
எடுக்கவில்லை.
ஸ்டூலில் சிந்தியிருந்த டீயின் ஓரத்தில்
ஓர் எறும்பு, சுற்றிப் போவதா திரும்புவதா என்று நின்றது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. பாய்ந்தேன்.
கிளார்க்.
"மேடம், ஆறு போயிட்டு."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று ரெஜிஸ்டரில் இல்லை.
பிறகு அவன் குரல்,
குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல:
"எக்கா,
நீ எந்த ஆறச் சொன்ன?"

விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு ஏ.இ. எழுதினார்:
அறிவுறுத்தல் தெளிவாக வழங்கப்பட்டது.
தெளிவாகப் பின்பற்றப்பட்டது.
இரண்டும் உண்மை.
தட்டச்சுப் பிழைகூடக் கிடையாது.

இப்போது என் சொல்லை எனக்கே திருப்பித் தந்தால்
நான் வாங்குவதில்லை.
வெறும் 'சரி' என்றால் போனை வைத்துவிடுவேன்.
மறுபடி கூப்பிடட்டும்.
உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதைச் சொல்.
போஸ்ட் நம்பர் என்ன? கீழே என்ன நிற்கிறது?

"பதினேழாம் போஸ்ட். உடைமரம்.
மரத்தடியில ஒரு கிடா, என்னையே பாக்கு."

கிடா என் வரைபடத்தில் இல்லை.
பதினேழு இருந்தது. உடைமரம் இருந்தது.
லைன் பிரியும் இடத்தில் பென்சிலை ஊன்றிக்கொண்டு
"கிடா என்ன நிறம்?" என்றேன்.
கேட்க வேண்டியதில்லை. கேட்டேன்.
"செவலை."
அப்புறம்தான் சுவிட்சில் கை வைத்தேன்.

ஆறாம் லைனுக்குக் கேங்கில் புதுப் பேர் வைத்துவிட்டார்கள்:
அஞ்சுக்கு அடுத்தது.
ஆபீஸ் தாளில் அது ஏறவில்லை. ஏறவும் ஏறாது.

ஆத்துக்கு ஆறுன்னு பேர் வச்சவன்
போஸ்ட்ல ஏறினவன் இல்ல
என்கிறான் வெயிலுமுத்து, சிரித்துக்கொண்டே.

பொறி தெறித்த இடத்தில்
வலது புருவம்
இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது.