நான்காவது கோப்பை

வால்டிவியாவில் ஜூலை என்றால்
மழையை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை.
குடைகளை வாசல் வாளியில் செருகிவிட்டு
ஒன்பது பேர் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தோம்.
ஆளுக்கொரு காகிதம், அதில் ஆறு வட்டங்கள்,
வட்டத்துக்கொரு சின்னக் கோப்பை,
நடுவில் உப்பில்லாத ரொட்டி,
முனை மழுங்கிய பென்சில்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு
இப்போதுதான் எனக்கொரு வினாத்தாள்.

'முதலில் கண்,' என்றாள் யாஸ்னா.
'அப்புறம் மூக்கு.
நாக்கு அவசரக்காரன், கடைசியில் விடுங்கள்.'
இருபது வருடமாக பீர் குடிக்கிறேன்,
ஒருநாளும் மூக்கைக் கேட்டுக் குடித்ததில்லை.
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவனுக்கு
நுரை என்றால் நுரை.

முதலாவதில் வைக்கோல் என்றார்கள்.
இருக்கலாம்.
இரண்டாவதில் வாழைப்பழமும் கிராம்பும் என்று
பல் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.
எனக்கோ கிராம்பு என்றதும்
அவருடைய நாற்காலி ஞாபகம் வந்து
கடைவாய் தானாக வலித்தது.
'இரண்டையும் யாரும் போடவில்லை,
ஈஸ்ட் பார்க்கிற வேலை அது,' என்றாள் யாஸ்னா.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
இல்லாத பழத்தைப் பழுக்க வைத்திருக்கிறது.
இதை நான் மறுபடி முகர்ந்தேன்.

மூன்றாவதற்குள் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிட்டது.
ஈரத் தோல். வறுத்த கொட்டை.
என் மாமியாரின் அலமாரி.
சிரித்தோம்.
நானும் ஏதோ சொன்னேன், தலையாட்டினார்கள்.
வார்த்தையை முன்னால் அனுப்பினால்
வாசனை பின்னாலேயே வந்துவிடும்போல.

நான்காவது, அன்ஸெல்மோவின் சொந்தச் சரக்கு.
காரை விற்று வாங்கிய கொப்பரையில்
முதல் வடிப்பு.
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
சமையலறைக் கதவோரம் நின்றான்.
யாஸ்னா முகர்ந்தாள்.
கொஞ்சம் கூடுதலாகவே முகர்ந்தாள்.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி
'சொல்லுங்கள்' என்றாள், இம்முறை
புன்னகை இல்லாமல்.

தேன், என்றார் பல் மருத்துவர்.
தேன்தான், என்றது மேசை.
நானும் நான்காம் வட்டத்தில்
தேன் என்றெழுதி அடிக்கோடிட்டேன்.

சாக்கடை அடைப்பு எடுக்கும் ஓர்த்தென்சியா
அதுவரை வாய் திறக்கவில்லை.
பிறந்தநாளுக்கு மகன் வாங்கித் தந்த சீட்டாம்.
கோப்பையை மூக்கடியில் பிடித்தாள்,
இறக்கினாள்,
மறுபடி பிடித்தாள்.
'வேகவைத்த முட்டைக்கோஸ்,' என்றாள்.
'மூடிவைத்தது. நேற்றையது.'

தகரக் கூரையில் மழை பெய்வது
அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

'கொதிக்கும்போது மூடி போட்டாயா?'
யாஸ்னா அவனைப் பார்க்காமல் கேட்டாள்.
'எரிவாயு விற்கிற விலையில்...' என்று ஆரம்பித்தவன்
அதோடு நிறுத்திக்கொண்டான்.
வந்து, ஓர்த்தென்சியாவின் கோப்பையை எடுத்து
நின்றபடியே ஒரு மடக்கு குடித்தான்.
'முட்டைக்கோஸ்,' என்றான்.
சொன்ன பிறகு
முகத்தில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது.
'அடுத்த வடிப்புக்கு வருவீர்களா?'
'கூலி உண்டா?'
'பீர் உண்டு.'
'அப்படியென்றால் கூலியே கொடு.'

ரப்பர் இல்லை.
ரொட்டித் துணுக்கை உருட்டி
என் தேனை அழித்தேன்.
போனது, முழுசாகப் போகவில்லை.
பல் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு
ரொட்டிக் கூடைக்குக் கை நீட்டினார்.
பீப்பாய் உள்ளே தொட்டியில் கவிழும் சத்தம்.
கோடியில் இருந்த கிழவர் மட்டும்
காசு கொடுத்தது என்று
தன் பங்கைக் குடித்து முடித்தார்.

ஐந்தும் ஆறும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.
யாரும் எதுவும் எழுதவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்
மீன் சந்தைக்குப் பின்னால்
ஆற்றோரப் பலகையில் படுத்திருந்தது
ஒரு கடற்சிங்கம்.
நின்றேன்.
முதலில் கண். அப்புறம் மூக்கு.
'தேன்,' என்றேன் அதனிடம்.
வாயை முழுசாகத் திறந்து
ஒரு கொட்டாவி விட்டது.