ஆயிரத்து எண்ணூறு

கடை முழுக்க ஒரே கிளி.
பதினோரு மானிட்டரில் பதினோரு தடவை
சிறகு விரித்து, பழம் கொத்தி,
அருவிக்கு வழி விட்டுப் போய்
மறுபடி வருகிறது.
எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.
அதற்கென்றே எடுத்த கிளி.

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரம், மூணு வருஷம் வாரண்டி"
என்கிறார் அதாவுல்லா.
பக்கத்தில் ஐபிஎஸ் பேனல், பதினோராயிரத்து இருநூறு.
"ரெண்டும் இருபத்திநாலு இஞ்சுதாம்மா.
பில் போடறதுக்குன்னா இதுவே போதும்."

வெளியே ஆபீசர்ஸ் லைனில்
வெயில் ஆட்டோக்களின் கூரையைத் தட்டிப் பார்க்கிறது.
என் பையில்
சீட்டு எடுத்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

நான் பில் போடுவதில்லை.
குடியாத்தத்தில் கல்யாண ஆல்பம் செய்கிறேன்.
ஆல்பத்துக்கு அறுநூறு.
இந்தத் திரைக்கும் அந்தத் திரைக்கும் நடுவில்
நாலாயிரத்து முந்நூறு, அதாவது
ஏழு தாலி, ஏழு பந்தி,
கண்ணை மூடிய எழுபது சித்தப்பாக்களின் கண்ணை
வேறு படத்திலிருந்து எடுத்துத் திறந்து வைப்பது.

கிளியை நிறுத்தச் சொன்னேன்.
பென் டிரைவில் யமுனாவைக் கொண்டுவந்திருந்தேன்.

ஆரணிப் பட்டு. அரக்கு.
மலிவுத் திரையில்
நேராக உட்கார்ந்தால் அரக்கு,
கொஞ்சம் எழுந்தால் ரோஸ்,
குனிந்தால் கறுப்பு.
முதுகு வலித்து நான் சாயும்போதெல்லாம்
அவளுக்கு வேறு புடவை.

என் வீட்டுப் பழைய திரையும் இதே ஜாதி.
போன ஆவணியில் அதில் யமுனா இருட்டாகத் தெரிந்தாள்.
வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.
இன்னும் கொஞ்சம்.
அச்சாகி வந்த நாற்பது தாளையும்
அம்சவேணி அக்கா எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள்.
"எல்லாம் நல்லாக்கீது.
எங்க வூட்டுப் பொண்ணு எங்கம்மா?"

திரும்ப அடித்துக் கொடுத்தது
என் கைக்காசில், மூவாயிரத்து எண்ணூறு.
அதையும் இந்த மலிவு விலையோடு
கூட்டவேண்டும்தானே?

விலைச் சீட்டில் அது இல்லை.

ஐபிஎஸ் திரையில் யமுனாவின் தோள் பக்கம்
என் முழங்கையை நீட்டி வைத்துப் பார்த்தேன்.
நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர் வெயில்.
அதாவுல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
அரக்கு, எழுந்தாலும் அரக்கு. நடந்து போய்
கதவோரம் நின்றாலும் அரக்கு.
கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு நிழல்,
இத்தனை நாள் நான் பார்க்காதது.

"கடைசி விலை?"
"கடைசி விலைதாம்மா அது."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு அவர் குடோனிலிருந்து
டேப் கிழிந்த பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்.
ஒருத்தர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது.
திரையைக் கறுப்பாக்கி
லைட்டைத் தன் உள்ளங்கையால் மறைத்து,
"இதோ" என்றார்.
இடது கீழ்மூலையில்
கடுகுக்கும் சின்னதாய் ஒரு பச்சைப் புள்ளி.
அணையவே அணையாது.
"சொல்லாமலே வித்திருக்கலாம். ஆயிரத்து எண்ணூறு குறைச்சுக்கறேன்."

மிச்சம் நூறு ரூபாய்.
குடியாத்தம் பஸ்ஸில் பெட்டி மடியில் இருந்தது.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் குலுங்கியபோது
பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன் என்று
எழுத ஆசைதான்.
பயத்தோடு பிடித்தேன். அவ்வளவே.

ராத்திரி இவர் மூக்குக் கண்ணாடியோடு தேடினார்,
புள்ளி கிடைக்கவில்லை.
எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அவர் தூங்கிய பிறகு
பழைய ஃபோல்டர்களைத் திறந்தேன்.
முப்பத்திரண்டு கல்யாணம்.
ஒவ்வொரு மணப்பெண்ணும்
சுண்ணாம்பு அடித்த சுவர்போல் சிரித்தாள்.

திரும்பி வந்து கேட்டவள்
அம்சவேணி அக்கா ஒருத்திதான்.