கட்டைவிரல் பதிந்த குழி

நான்கு குளிர்காலம் என் பெயர்
ஷிப்பகன் ஊர்ப் பட்டியலில் உறைந்து கிடந்தது.
குடும்ப மருத்துவர் வேண்டுவோர் வரிசை என்றார்கள்.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன் நான்,
வரிசை தெரியும் எனக்கு:
விடிகாலையில் என் பின்னால்
மீன் லாரிகள் ஊர்ந்து வரும்,
ஹார்ன் அடிக்காமல்.

இடையில் போய்வந்த கிளினிக்கில்
சுவரில் ஒட்டியிருந்தது:
"ஒரு வருகைக்கு ஒரு தொந்தரவு மட்டும்."
முழங்காலா, மூச்சா?
கார் நிறுத்துமிடத்திலேயே
முடிவெடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.
முழங்கால் இரண்டு முறை ஜெயித்தது.
மூச்சு ஜெயித்த அன்று
ஓர் இளைஞர் திரையைப் பார்த்தபடியே
உறிஞ்சு மருந்து எழுதித் தந்தார்.
அவர் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால்
காதைத்தான் சொல்வேன். இடது காது.

மார்ச்சில் தொலைபேசி வந்தது.
மூடிப்போன வங்கிக் கட்டடத்தில்
புதிதாக ஒரு டாக்டர், கொரின் சியாசோன்.
ஒன்பது நாற்பதுக்கு வா என்றார்கள்.
பதினொன்றே கால் ஆகியும் கூப்பிடவில்லை.
எனக்கு முன்னால் போன லெயோன்ஸின் மனைவி
உள்ளேயே குடியேறிவிட்டாள்.
பெட்டகக் கதவு இருந்த இடத்தில் ஒரு செடி.
அதற்குப் பதினேழு இலை.
"நண்டு பிடிக்கப் போனவனே
கரைக்கு வந்திருப்பான்" என்றார் பக்கத்தில் செனோன்.
நான் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன்.
இங்கே எழுத முடியாது.

என் முறை.
அவர் நாற்காலியைத் திருப்பி
திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.
"சொல்லுங்கள்."
முழங்கால் என்றேன், பழக்கதோஷம்.
"அப்புறம்?"

அந்த அப்புறத்தைக் கேட்க
நான்கு வருடமாக ஆள் இல்லை.
உப்பு மூட்டை தூக்கினால்
நடுவில் நின்று மூச்சு வாங்குகிறது என்றேன்.

பிறகு அவர் கேட்டது
மருத்துவக் கேள்வி மாதிரியே இல்லை:
"எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?"

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.
வெளியே ஒரு டிராக்டர்
தெரு முழுவதையும் கடந்து போனது.
"தலையணை இல்லை" என்றேன்.
"நாற்காலி. நவம்பரிலிருந்து."

டிவி பார்த்தபடியே தூங்கிப்போனேன் என்றுதான்
ஒவ்வொரு காலையும்
ஒக்டாவியிடம் சொல்லிவந்தேன்.
அவள் நம்பினாளோ என்னவோ,
போர்வையை மட்டும் போர்த்திவிட்டுப் போவாள்.

பூட்ஸைக் கழற்றச் சொன்னார். சாக்ஸையும்.
நாறும் என்றேன்.
"என் வீட்டில் ஹாக்கி ஆடும் பையன்கள் இரண்டு பேர்" என்றார்.
தரையில் மண்டியிட்டு
கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது
கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.
ஒரு குழி.
ஈரப் பனியில் நாய் கால் வைத்த மாதிரி.

அது நிரம்பும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
குழி அவசரப்படவில்லை.

"இதயம் களைத்திருக்கிறது" என்றார்.
"நின்றுவிடவில்லை. களைத்திருக்கிறது."
ஒரு தாளில் வரைந்தார்,
படகின் வயிற்றில் சேரும் தண்ணீரை
இறைக்க முடியாமல் இறைக்கும் பம்பு.
படம் கோணல். எனக்குப் புரிந்தது.
முழங்காலையும் மறக்காமல் பார்த்தார்.

வெளியே வந்தபோது பன்னிரண்டு பத்து.
செனோன் தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
லெயோன்ஸின் மனைவி வெளியே வந்தபோது
என் முகத்தில் இருந்தது.
நான் எடுத்துக்கொண்டு போகும் நிமிடங்களில்
பாதி அவருடையவை.
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
"சட்டென்று கழற்றுகிற பூட்ஸா?" என்று வந்தது.

குனிந்து பார்த்துக்கொண்டார்.
"லேஸ். முழங்கால் வரைக்கும்."

"அப்படியென்றால்
இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்" என்றேன்.