சுவருக்கு இந்தப் பக்கம்

வைதோத்தாஸின் அலமாரியை
நான் பார்த்ததே இல்லை.
இருபத்தாறு வருடமாக
அதற்கு முதுகு காட்டித் தூங்குகிறேன்.
நடுவில் ஒரு சாண்கூட இல்லாத கான்கிரீட்;
என் பக்கம் கட்டில், அவன் பக்கம் அலமாரி.
கவுனாஸில் இந்தக் கட்டடம் எழும்பியபோது
வீட்டுக்கு வீடு ஒன்று வந்து இறங்கியது,
சுவர் நீளத்துக்கு,
முகம் தெரியும் பழுப்பு வார்னிஷோடு.
என்னுடையதை விற்று பல் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை யோலித்தா அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.
பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கி
ஓய்ந்தது.
மாலையே ஆரம்பித்துவிட்டான்.

முதலில் கோப்பைகள்.
ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கும் சத்தத்தை எண்ணினேன்.
நாற்பத்தொன்றாவது உடைந்தது.
"தேரை!" என்றான்.
எங்கள் ஊரில் மரியாதைப்பட்டவர்கள்
அதற்கு மேல் திட்டுவதில்லை.

செவ்வாய் முழுக்கத் தூரிகை.
கூடவே ஒரு சீட்டி, மெட்டு நிற்காத சீட்டி.
புதன் அமைதி: பெயின்ட் காய்கிறது.
வியாழன் காலை
வெயிலில் வெந்த முதுகு தோலுரிவதுபோல்
ஒரு சரசரப்பு.
பிறகு தொலைபேசியில் யாரிடமோ:
"வெள்ளை. ஆமாம், நேராக வார்னிஷ் மேலேயே.
தேய்க்கவில்லை. டப்பாவில் அப்படிப் போடவில்லையே.
போட்டிருக்கிறதா?
எங்கே?
ஓ. அடியில்."

வெள்ளிக்கிழமை இயந்திரம் வாங்கி வந்தான்.
என் தலையணை நடுங்கியது.
டம்ளர் தண்ணீரில் பல்செட்
தானாக எதையோ மென்றது.
மூன்று மணி இருக்கும், சத்தம் மாறியது.
பிளைவுட் ஆலையில் பதினோரு வருடம் நின்றவள் நான்;
மேல்தோல் போய் உள்ளே தூளைத் தொட்டுவிட்டால்
இயந்திரம் கொஞ்சம் மூக்கால் பேசும்.
நிறுத்து, என்றேன் இங்கிருந்து.
அவனுக்கு எப்படிக் கேட்கும்?
நிறுத்தினான்.
ரொம்ப நேரம் கழித்து,
இந்த முறை மெதுவாக, "தேரை."

சனி, திருகாணிகள்.
ஞாயிறு, எதுவோ பெரிதாக விழுந்தது,
மூன்றாம் மாடி நாய் ஒரு மணி நேரம் குரைத்தது.
திங்கள், பலகைகளோடு
குப்பைத் தொட்டிக்குப் பதினாறு நடை.

அன்றிரவு
அவன் கரண்டி தட்டில் உரசுவது கேட்டது.
கடிகாரம் கேட்டது.
அவன் பெருமூச்சு என் போர்வைக்குள் வந்து விழுந்தது.
இத்தனை காலமும் அந்த அலமாரி
சுவருக்குப் போர்த்திய கம்பளியாக இருந்திருக்கிறது.
குளிர்கிறதோ இல்லையோ, இப்போது இருவருக்கும் இல்லை.

செவ்வாய் இரவு ஒத்திகை பார்த்தான்.
"யோலித்தா, இது யோசித்துச் செய்ததுதான்."
"யோலித்தா, வெளிச்சத்தைப் பார்."
"யோலித்தா, உனக்கும் அது பிடிக்காதென்று நினைத்தேன்."
எனக்குப் பொறுக்கவில்லை.
"கடைசியாகச் சொன்னது வேண்டாம்" என்றேன்.
சுவர் திகைத்து நின்றது.
பிறகு,
"அப்போ எதைச் சொல்ல?"
"ஒன்றும் சொல்லாதே. கீழே போய்ப் பெட்டியை வாங்கு."

புதன் மாலை
படிகளில் சக்கரம் இடிக்கவில்லை.
தூக்கி வருகிறான்.
சாவி. விளக்கு.
நான் வானொலியை அணைத்தேன்,
அணைத்ததும் கேட்டிருக்குமே என்று
மறுபடி போட்டேன்.

"கோப்பைகள்?"
"குளியல் தொட்டியில்."
"எல்லாமா?"
"ஒன்று தவிர."
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
உள்ளங்கை ஒன்று சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தது,
பழைய வால்பேப்பரின் நிறம்
அங்கே மட்டும் வெளுக்காமல் இருந்திருக்கும்.

பதற்றத்தில் குறுக்கெழுத்தை எடுத்தேன்.
படிக்கும்போது வாய்விட்டுத்தான் படிப்பேன்,
தனியாக இருப்பவர்களின் வழக்கம்.
"மங்கோலியாவின் தலைநகரம். இரண்டு சொல்."

"உலான் பாத்தர்"
என்றாள் யோலித்தா,
என் தலையணையில் பாதியில் படுத்திருப்பவள்போல.

கட்டங்களில் பொருந்துகிறது.

"எத்தனை நாளாக இப்படிக் கேட்கிறது?"
என்று அடுத்துக் கேட்டாள்.
என்னையா அவனையா, தெரியவில்லை.
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
நானும்.