வடக்கே கடல்

உறுதியில் நாலு எல்லை.
தெற்கே றோட்டு,
மேற்கே ஆழ்வாப்பிள்ளையின் பங்குக் காணி,
கிழக்கே தொண்டைமானாற்றின் வாய்,
வடக்கே கடல்.
அறுபத்தெட்டாம் ஆண்டு
யாரோ ஒரு நொத்தாரிசு
கொஞ்சமும் கை நடுங்காமல் எழுதியிருக்கிறார்:
வடக்கே கடல்.

நாடாவும் முக்காலியுமாக நான் போனேன்.
பொலித்தீன் உறைக்குள் உறுதியோடு இராசபூபதி.
இருபத்தைந்து வருடம் ஆமி வைத்திருந்த காணி,
பொங்கல் கழிய விட்டார்கள்.
"கிணறு எங்கை?" என்றுதான் முதலில் கேட்டார்.
கிணறு
அலைக்கு அங்கால் வட்டக் கட்டாக நின்றது,
தண்ணீருக்குள் தண்ணீர்.
அதற்கும் அங்கால், இடுப்பளவு ஆழத்தில்,
முட்கம்பித் தூண்கள் ஐந்து.
காவலுக்கு நட்டவர்கள்
கரையில்தான் நட்டிருப்பார்கள்.
கடல்
பாஸ் காட்டாமல் உள்ளே வந்திருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கதை.
வேதவனத்தின் காணிக்கு முன்னால்
எந்த உறுதியிலும் இல்லாத மணல்.
அடம்பன் படர்ந்து பூத்திருக்கிறது.
பெடியள் கிரிக்கெட் அடிக்கிறார்கள்,
சிக்ஸர் போனாலும் பந்து நனையவில்லை.

"உது என்ரை மண், தம்பி.
இஞ்சையிருந்து போனது.
அளந்து பாருங்கோ, கணக்குச் சரியா வரும்."

எப்படிச் சொல்வது.
வாடை பிறந்தால் அலை நேராக வராது,
தோளைச் சாய்த்து வரும்.
சாய்வாக ஏறும், நேராக இறங்கும்,
ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும்
மணலை ஒரு சாண் மேற்கே தள்ளி வைக்கும்.
சோளகத்தில் கொஞ்சம் திருப்பித் தரும்,
வாங்கின அளவுக்குத் தராது.
நாங்கள் கரை என்று கால் ஊன்றுவது
நடந்துகொண்டிருக்கும் மணலின் மேல்.
போனதற்குப் பதில் வேறு வந்தால்
அதற்குப் பெயர் அதே கரை.

இந்த ஆறோ மலையைக் கண்டதில்லை,
வண்டல் சுமக்கத் தெரியாது.
மாரியில் அணைக் கதவு திறந்தால்
வயல் வெள்ளமும் உப்பும் ஒன்றாகி
வாயைப் பிளந்துகொண்டு கடலுக்குள் பாயும்.
மேற்கே போகிற மணல் அதைக் கண்டதும் நிற்கும்,
சென்றியில் பஸ்ஸால் இறக்கிவிட்ட சனம்போல.
கதவு பூட்டிய மாதங்களில்
வாயே தூர்ந்துபோகும்.
தூர்ந்ததை ஒருமுறை பெக்கோ வைத்து வெட்டினார்கள்,
இனித் தூராதென்று கல்லும் கொட்டினார்கள்.
அந்தக் கல்லுக்குக் கிழக்கே
மணல் ஆற அமரக் குந்திவிட்டது.

"அக்கா, அது உங்கடை மண் இல்லை,
உங்களிட்டை வரவேண்டியிருந்த மண்."

கன நேரம் பேசவில்லை.
"அப்ப என்ரை?"
மேற்கே கையைக் காட்டினேன்.
மயிலிட்டிப் பக்கம்,
அதுக்கும் அங்கால் போயிருக்கும்.
"அங்கையும் ஆக்கள் திரும்பி வந்திருக்கினம்," என்றார்,
ஏதோ கணக்குத் தீர்ந்ததுபோல.

பிறகு சேலையைத் தூக்கிச் செருகி
அளவுகோலை வாங்கிக்கொண்டு
கடலுக்குள் இறங்கினார்.
"கிணத்தையும் சேருங்கோ."
கட்டைப் பிடித்தபடி
கோலை நிமிர்த்திப் பிடித்தார்.
அலை ஒவ்வொன்றுக்கும் கோல் ஆடியது.
ஏழு முறை பார்த்தேன், ஏழு இலக்கம்.
நடுவிலுள்ளதை எழுதினேன்.

மறுகரையிலிருந்து வேதவனம் கூப்பிட்டார்:
"ஐயா, இஞ்சாலையும் ஒருக்கா அளப்பீங்களோ?"
சந்நிதி மணி கேட்டது.
நான் கேட்காதவன்போல் குனிந்திருந்தேன்.

வரைபடத்தில்
தெற்கும் மேற்கும் மையால் இழுத்தேன்.
கிழக்கில் ஆறு, அதுவும் போகட்டும்.
கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம்.
மேல் ஓரத்தில் பென்சிலை வைத்தபடி
நெடுநேரம் இருந்துவிட்டு
எந்தச் சட்டப் புத்தகமும் கேட்காததை எழுதினேன்:

வடக்கே கடல்,
பங்குனி பதினான்கு,
காலை ஒன்பதரை மணிக்கு.