இருக்கலாம்

முதல் தடவை கேஸ் என்றார்கள்.
பன்னீர் சோடா, ஓமத்திரவம்,
மூடி திறந்தாலே குமட்டும் ரோஸ் கலர் மருந்து.
இரண்டாம் தடவையும் கேஸ்தான்.
ஏழோடு நான் எண்ணுவதை விட்டேன்.

செகண்ட் லைன் பீச்சில் எங்கள் வண்டி.
அத்தோ, முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப்.
பேஜோவை நொறுக்குவது என் விரல்,
பூண்டெண்ணெய் ஊற்றுவது என் கை.
பதினோரு மணிக்குப் பாத்திரம் கவிழ்த்து
மிச்சத்தை நின்றபடியே தின்பேன்.
கணேசபுரம் சுரங்கப்பாதை தாண்டுமுன்
வலது விலாவுக்கடியில் தொடங்கிவிடும்.

வியாசர்பாடியில் படுத்தவர்களுக்குத் தெரியும்
நள்ளிரவு ஷண்டிங்:
எங்கோ ஒரு இடி, அதை வாங்கி அடுத்த பெட்டி,
அதை வாங்கி அடுத்தது.
என் கடைசிப் பெட்டி
வலது தோள்பட்டைக்குப் பின்னால் நிற்கும்.
நின்றால் நகராது.

மண்டிபோட்டு
மெட்ரோ வாட்டர் குடத்தில் நெற்றியை வைப்பேன்.
முனிரத்தினம் லைட்டைப் போடுவார்.
"இன்னாத்த துன்னே?"
நம்ம கடையைத்தான்.

விடிந்தால் ஒன்றுமில்லை.
அதுதான் அவமானம்.
குழாயடியில் நின்று பேசுகிற என்னைப் பார்த்து
ராத்திரி அழுதவள் என்று யார் நம்புவார்கள்?

ஸ்டான்லியில் ஒன்றரை மணி நேரம்.
"யாரும்மா சந்திரலீலா?"
சில்லென்ற பசை. மூச்சை இழு, புடி.
பிடித்தேன்.
விடச் சொல்ல மறந்துபோய்
அந்தப் பெண் திரையில் எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"பித்தப்பைல கல்லு இருக்கும்மா. பொடிசா, நெறைய."
"அதாலதான் வலியா டாக்டர்?"
"இருக்கலாம். சில பேருக்குக் கல்லு இருந்தும்
வலியே வராது. எண்ணெயக் கொற.
செவ்வாக்கிழமை சர்ஜரி ஓ.பி.க்கு வா."

இருக்கலாம்.
மூன்று வருஷத்தில் ஒருத்தராவது
கேஸாக இருக்கலாம் என்று சொன்னார்களா?
எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.
படித்தவர் ஒருவர்தான்
கதவை ஒருக்களித்து வைத்தார்.
ஷேர் ஆட்டோவில் சீட்டை மடித்து மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். நனைந்துபோனது.

சாயங்காலம் வண்டியைத் திறந்தோம்.
"லீலாக்கா, கல்லு காஞ்சுதா?"
ஃபிரை அத்தோ கேட்கும் பையன், ஹெல்மெட்டோடு.
எனக்குச் சிரிப்பு வந்தது,
முனிரத்தினத்துக்கு வரவில்லை.
அவர் வெங்காயத்தையே பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை கடை உண்டா?"
இருக்கலாம் என்றேன்.
"சரி, பூண்டெண்ணெ தூக்கலா போடுக்கா."
இடது கையால் விலாவை அழுத்திக்கொண்டு
போட்டேன்.